தண்டவாளத்தோரமாக நடந்த பையன்

கண்புரை அறுவை முடிந்ததும், ஒரு மாதத்துக்கு எதையும் படிக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். எண்பத்துமூன்று வயதிலும் காலையில் இரண்டு செய்தித்தாளை டெண்டர் விளம்பரம்கூட விடாமல் படிக்கிற மனிதர். அவருக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிச் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாளுக்குள் வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டு முடித்துவிட்டார். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏ தாயி, நீ வச்சிருக்கதுல எதையாவது வாசி, கேக்கேன்" என்றார்.

நான் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது காரெத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் 1933இல் எழுதிய கட்டுரைகளை. சோவியத் உக்ரைனில் பஞ்சம் நடந்தபோது அங்கே போய்ப் பார்த்து எழுதியவர். இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். கொஞ்சம் குறும்பும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அப்பா விருதுநகரில் கூட்ஸ் ரயில் கார்டாக இருந்தவர். 74 ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே லெனின் படமும் இருந்தது, அம்மா இரண்டுக்கும் சேர்த்தே பூ வைப்பாள். சோவியத் நாடு பத்திரிகை தபாலில் வரும். வழவழவென்ற அந்தத் தாளில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருடைய நோட்டுக்கும் அட்டை போடுவோம். என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் மேல் இடுப்பளவு கோதுமை, அதன் நடுவே தலையில் துணி கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். அது உக்ரைன் என்று கீழே போட்டிருந்தது. ஒரு வருஷம் முழுக்க அவள் முகத்தில்தான் கையை ஊன்றிக் கணக்குப் போட்டேன். அப்புறம் இடதுசாரிப் பதிப்பகமான என்.சி.பி.எச்.சின் புத்தக வண்டி ஊருக்கு வந்தால் அப்பா ஐந்து பத்து ரூபாய்க்குக் கை கொள்ளாமல் வாங்கி வருவார். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள். பைண்டிங் இன்னும் விடவில்லை.

ஆகவே ஜோன்ஸை நேராகப் பஞ்சத்திலிருந்து ஆரம்பிக்காமல் அவருடைய அம்மாவிடமிருந்து ஆரம்பித்தேன். அப்பாவைப் பிடித்து உட்கார வைக்க அதுதான் வழி.

அந்த அம்மா பெயர் ஆனி க்வென். கல்யாணத்துக்கு முன்பு, 1889இலிருந்து மூன்று வருஷம், உக்ரைனில் ஒரு வீட்டில் தங்கி அங்கிருந்த குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஜான் ஹியூஸ் என்ற வேல்ஸ்காரர் அங்கே போய் இரும்பாலை கட்டினார். அவர் பெயராலேயே யூசோவ்கா என்று ஓர் ஊர் உண்டானது, இன்றைக்கு அதுதான் டொனெட்ஸ்க். அந்த ஹியூஸின் பேரப் பிள்ளைகளுக்குத்தான் ஆனி டீச்சர். ஊருக்குத் திரும்பி, கல்யாணமாகி, 1905இல் காரெத் பிறந்தபிறகு அந்தக் கதைகளையெல்லாம் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். பையன் அந்தக் கதைகளுக்காகவே ரஷ்ய மொழி படித்தான். கேம்பிரிட்ஜில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் மூன்றிலும் தேறி, 1930இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் லாய்ட் ஜார்ஜிடம் வெளிநாட்டு விவகாரங்களுக்கான உதவியாளராகச் சேர்ந்தான். அந்த வருஷம் ஆகஸ்டில் முதல்முறையாக அம்மா இருந்த ஊரைப் பார்க்கப் போனான்.

(பையன், பையன் என்று சொன்னது அப்பாதான். வாசிக்க வாசிக்க எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.)

அந்தப் பயணம் முடிந்து பெர்லினுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் வீட்டுக்கு உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதுகிறான். ரஷ்யாவின் நிலைமை படுமோசம், ரொட்டியைத் தவிர உணவே இல்லை, தொழிலாளர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள் என்று. எல்லையைத் தாண்டும்வரை இதை எழுத முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வருஷம் ஹைன்ஸ் கம்பெனி வீட்டுப் பையன் ஒருவனோடு மறுபடி போனான். ஆமாம், தக்காளி சாஸ் ஹைன்ஸ்தான்.

1933 பிப்ரவரி 23. இந்தத் தேதியை வாசித்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. பெர்லினிலிருந்து பிராங்க்பர்ட்டில் நடக்கும் கூட்டத்துக்கு ஹிட்லரும் கோயபல்ஸும் விமானத்தில் போகிறார்கள், அதே விமானத்தில் ஜோன்ஸும் உட்கார்ந்திருக்கிறான். இந்த விமானம் விழுந்தால் ஐரோப்பாவின் வரலாறே மாறிவிடும் என்று எழுதி வைத்தான். "விழுந்திருக்கலாம்" என்றார் அப்பா. "பையனும்ல சேந்து போயிருப்பான்" என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து மாஸ்கோ. வெளிநாட்டு நிருபர்கள் அனுமதி இல்லாமல் மாஸ்கோவை விட்டு வெளியே போகக் கூடாது என்று சோவியத் அரசு அப்போதுதான் தடை போட்டிருந்தது. ஜோன்ஸ் மாஸ்கோவில் வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொள்கிற கடையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, சாக்லேட் எல்லாம் வாங்கி முதுகுப் பையில் நிரப்பிக்கொண்டு கார்கோவுக்கு டிக்கெட் எடுத்தான். கார்கோவ்தான் அன்றைக்கு உக்ரைனின் தலைநகரம். ஆனால் கார்கோவ் வரைக்கும் ரயிலில் போகவில்லை. வழியிலேயே ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டியே நடக்க ஆரம்பித்தான்.

"எந்த கிளாஸ்ல போனான்?" என்றார் அப்பா.

மெத்தை இல்லாத வகுப்பு, மரப்பலகை இருக்கை என்றேன். அப்பா தலையை ஆட்டினார். அவருடைய கணக்கில் முதல் வகுப்பில் போகிறவன் சொல்வதற்குப் பாதி மதிப்புத்தான்.

பையன் வைத்திருந்தது சட்டைப் பைக்குள் அடங்குகிற குறிப்பேடுகள். அவற்றில் ஒரு பக்கம்: தாடி வைத்த ஒரு விவசாயி வழியில் கூட நடக்கிறார். காலில் செருப்புக்குப் பதிலாகச் சாக்குத் துணியைச் சுற்றியிருக்கிறார். ஜோன்ஸ் அவருக்கு ஒரு துண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தருகிறான். இதை இங்கே எங்கேயும் இருபது ரூபிள் கொடுத்தாலும் வாங்க முடியாது என்கிறார் அவர். நடந்துகொண்டே சொல்கிறார்: சண்டைக்கு முந்தி இதெல்லாம் தங்கம், குதிரை இருந்தது, மாடு இருந்தது, பன்றி, கோழி எல்லாம் இருந்தது, இப்போது அழிந்தோம்.

இன்னொரு கிராமத்தில் இரவு தங்குகிறான். முன்பு 200 எருது இருந்த ஊர், இப்போது ஆறு. மாட்டுக்குப் போடுகிற தீவனத்தை மனிதர்கள் தின்கிறார்கள், அதுவும் ஒரு மாதத்துக்குத்தான் இருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் அவன் கேட்டது ஒரே பேச்சு: ரொட்டி இல்லை, செத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வாசித்ததில் அப்பாவை நிறுத்தியது ரயிலில் நடந்த ஒரு சம்பவம். பெட்டியில் ஒரு கட்சிக்காரர், பஞ்சம் எதுவும் இல்லை என்று ஜோன்ஸோடு வாதம் செய்கிறார். ஜோன்ஸ் பதில் பேசவில்லை. தான் தின்றுகொண்டிருந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து எச்சில் படிக்கத்தில் போட்டான். பக்கத்தில் இருந்த விவசாயி கையை விட்டு எடுத்து அவக் அவக்கென்று தின்றார். அப்புறம் ஆரஞ்சுத் தோலைப் போட்டான். அதையும் எடுத்துத் தின்றார். கட்சிக்காரர் அடங்கிப்போனார்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இவன் செஞ்சது சரியில்ல" என்றார். "பசிச்சவன வச்சு வாதத்துல ஜெயிக்கக் கூடாது. கையில கொடுக்கணும்."

எனக்கும் அந்த இடம் இடறத்தான் செய்தது. இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஜோன்ஸின் சாமர்த்தியமாகவே சொல்கிறார்கள். படிக்கத்தில் கைவிட்ட அந்த மனிதர் எந்த ஸ்டேஷனில் இறங்கினாரோ.

மறுநாள் கொஞ்சம் பின்னணி வாசித்தேன். 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதிச் சட்டப்படி, கூட்டுப்பண்ணை வயலில் ஒரு கை கதிர் எடுத்தாலும் திருட்டு. பத்து வருஷச் சிறை, மரண தண்டனைகூட உண்டு. 1933 ஜனவரியில் உக்ரைன் விவசாயிகள் எல்லையைத் தாண்டி வேறு பகுதிக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. ரயில் டிக்கெட்டே தரக் கூடாது. அரசு கேட்ட தானியக் கொள்முதல் அளவை எட்டாத கிராமங்களைக் கறுப்புப் பட்டியலில் போட்டுக் கடைச் சரக்கையும் நிறுத்தினார்கள். உக்ரைனில் மட்டும் 35 முதல் 39 லட்சம் பேர் செத்தார்கள் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்கள் பலர் போடும் கணக்கு. கஜகஸ்தானில் தனியாகச் சுமார் 15 லட்சம். அந்த இரண்டு வருஷத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இரண்டையும் கூட்டினால் 30 லட்சம் டன்னுக்கு மேல்.

அப்பாவுக்கு ஒரு வழக்கமான பேச்சு உண்டு. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "ரயில் இல்லாம சாகல, ரயில் இருந்துதான் செத்தாங்க. அரிசி மூட்டை வெள்ளக்காரன் ரயில்ல ஏறி வெளிய போச்சு" என்பார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் சொல்வதால் அந்தப் பேச்சுக்கு எடை அதிகம். ஏற்றுமதிக் கணக்கை வாசித்து முடித்ததும் அவர் கேட்டது, "எந்தத் துறைமுகம்?"

"ஒடெசா மாதிரி கருங்கடல் துறைமுகங்கள்."

"கூட்ஸ் வேகன்லதான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.

ஆனால் அதற்கடுத்த நாள் விடவில்லை. இரவெல்லாம் யோசித்திருக்கிறார். "இதெல்லாம் ஹர்ஸ்ட்டுக்காரன் கட்டுன கதை தாயி. போட்டோவே போலின்னு அப்பமே நிரூபிச்சாச்சு" என்றார். இது முழுப் பொய்யில்லை என்பதுதான் சங்கடம். 1935இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்டின் பத்திரிகைகள் பஞ்சப் படங்கள் என்று வெளியிட்டவற்றில் 1921-22 பஞ்சத்தின் பழைய படங்கள் கலந்திருந்தன. எடுத்ததாகச் சொன்ன ஆசாமியும் மோசடிப் பேர்வழி. அன்றைக்கு அம்பலமான அந்தப் போலிப் படங்களைக் காட்டியே பஞ்சமே பொய் என்று பல பத்து ஆண்டுகள் பேச முடிந்தது. அப்பா படித்த கட்சிப் பிரசுரங்களிலும் அந்தப் பேச்சுதான் இருந்திருக்க வேண்டும். ஜோன்ஸும் அதே 1935 ஆரம்பத்தில் ஹர்ஸ்ட் பத்திரிகைகளுக்கு எழுதினான். அது அவனுக்கு நல்லதாக முடியவில்லை. ஆனால் நான் வாசித்துக்கொண்டிருந்தது 1933 மார்ச்சில் எழுதியது, அதில் படமே கிடையாது.

மார்ச் 29ஆம் தேதி ஜோன்ஸ் பெர்லினுக்கு வந்து தான் பார்த்ததை நிருபர்களைக் கூட்டிச் சொன்னான். அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அது வந்தது. இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டூராண்டி மறுப்பு எழுதினார். டூராண்டி சாதாரண ஆள் இல்லை. முந்தின வருஷம்தான் புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார். ஜோன்ஸ் புத்திசாலி இளைஞர்தான், ஆனால் கார்கோவ் பக்கம் நாற்பது மைல் நடந்து பார்த்துவிட்டு அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிட்டார் என்பது அவர் வாதம். பட்டினிச் சாவு கிடையாது, சத்துக்குறைவால் வரும் நோய்களால் பரவலாக மரணங்கள் உண்டு என்று எழுதினார். இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது எனக்குப் புதிதாகவே இல்லை. எங்கேயோ தாலுகா அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்தது போல இருந்தது.

நாற்பது மைல் என்றதும் அப்பா சிரித்துவிட்டார். "நாப்பது மைல் லேசா? எங்க கீமேன் தண்டவாளம் பாத்து நடக்குற பீட்டே தினம் நாலஞ்சு மைல்தான். தண்டவாளத்தோரம் நடக்கவனுக்குத்தான் ஊரு தெரியும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்ன தெரியும்?"

டூராண்டிக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்பதையும் சொன்னேன். அதே வருஷம் செப்டம்பரில் பிரிட்டிஷ் தூதரகத்தாரிடம், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு கோடிப் பேர் வரை செத்திருக்கலாம் என்று தனிப்பேச்சில் சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பு தூதரக ஆவணத்தில் இருக்கிறது.

மாஸ்கோவில் இருந்த மற்ற நிருபர்களும் ஜோன்ஸுக்கு ஆதரவாக வரவில்லை. அப்போது பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் பொறியாளர்களை வேவு பார்த்ததாகக் கைது செய்து, வழக்கு நடக்கவிருந்தது. உலகமே பார்க்கும் வழக்கு. அதில் உட்கார அனுமதி வேண்டுமானால் தணிக்கை அதிகாரியின் தயவு வேண்டும். யுனைடெட் பிரஸ் நிருபர் யூஜின் லயன்ஸ் சில வருஷம் கழித்து எழுதினார்: தணிக்கை அதிகாரி உமான்ஸ்கியோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, ஜோன்ஸை எப்படிப் பொய்யனாக்குவது என்று பேசி முடித்து, அப்புறம் வோட்கா வரவழைத்தார்களாம். அந்தக் கூட்டம் அவர் சொன்ன மாதிரியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சர்ச்சை உண்டு. மறுப்பு எழுதியது என்னவோ உண்மை. அவர்களைத் திட்ட எனக்கு முழு மனசு வரவில்லை. அங்கே வீடு, மனைவி மக்கள், மொழிபெயர்ப்பாளர், சமையல்காரி என்று வேர் பிடித்தவர்கள். ஜோன்ஸின் பையில் திரும்பும் டிக்கெட் இருந்தது. மக்கரிட்ஜ் என்ற ஒருவர் மட்டும் அதே மார்ச்சில் தூதரகத் தபால் பை வழியாகத் தணிக்கைக்குத் தப்பி மூன்று கட்டுரை அனுப்பினார், மான்செஸ்டர் கார்டியனில் பெயரில்லாமல் வந்தன.

ஜோன்ஸ் சும்மா இருக்கவில்லை. மே 13ஆம் தேதி நியூயார்க் டைம்ஸிலேயே அவனுடைய பதில் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் விவசாயிகளோடு பேசியதையும், இருபது முப்பது தூதரகக்காரர்களோடு பேசியதையும் சொல்லிவிட்டு, கிராமங்களில் ஜோன்ஸ் பிணங்களைப் பார்க்கவில்லை என்று டூராண்டி சொல்வது நிஜம்தான் என்று ஒத்துக்கொள்கிறான். செத்த மனிதர்களைப் புதைத்துவிடுகிறார்கள், செத்த மாடுகளைத் தின்றுவிடுகிறார்கள், இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம் என்கிறான். இந்தக் கிண்டலைத் தமிழில் சொல்லும்போது அப்பா "அட" என்றார்.

அதற்குமேல் வாதம் செய்ய நான் ஜோன்ஸைத் துணைக்குக் கூப்பிடவில்லை. அப்பாவின் அலமாரியிலேயே ஆள் இருந்தார். ஷோலகோவ். அப்பா கும்பிடாத குறையாக வைத்திருக்கும் சோவியத் எழுத்தாளர். 1933 ஏப்ரலில், ஜோன்ஸ் ஊர் திரும்பிய அதே சமயத்தில், தெற்கு ரஷ்யாவின் டான் பகுதியிலிருந்து அவர் ஸ்டாலினுக்கே நீளமான கடிதம் எழுதினார். தானியத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு விவசாயிகளை அடித்ததையும், குளிரில் துணியை உருவி நிற்க வைத்ததையும், குடும்பங்களை வீட்டை விட்டுத் துரத்திப் பனியில் தள்ளியதையும் அதில் எழுதியிருக்கிறார். ஸ்டாலின் அந்தப் பகுதிக்குத் தானியம் அனுப்பினார். மே மாதம் பதிலும் எழுதினார்: உங்கள் மதிப்புக்குரிய விவசாயிகள் சோவியத் ஆட்சிக்கு எதிராகச் சத்தமில்லாமல் யுத்தம் நடத்துகிறார்கள் என்று.

"ஷோலகோவா?" என்று இரண்டு முறை கேட்டார். "கடிதம் வெளிய வந்திருக்கா?" வந்திருக்கிறது என்றேன். அன்றைக்கு அதோடு போதும் என்றார்.

இரண்டு நாள் வாசிக்கச் சொல்லவில்லை. வானொலி கேட்டார். மூன்றாம் நாள் அவராகவே, "சரி, பையன் என்ன ஆனான்?" என்றார்.

சோவியத் யூனியனுக்குள் இனி நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். கார்டிஃபில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து வேல்ஸ் நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றிக்கூட எழுதிக்கொண்டிருந்தான். 1934 கடைசியில் உலகப் பயணம் கிளம்பி ஜப்பான், சீனா வழியாக உள்மங்கோலியாவுக்குப் போனான். மஞ்சூரியாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று பார்க்க. கூட ஒரு ஜெர்மன் நிருபர். கொள்ளைக்காரர்கள் இரண்டு பேரையும் பிடித்தார்கள். ஜெர்மன்காரரை இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். ஜோன்ஸை 1935 ஆகஸ்ட் 12ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் போன காரைக் கொடுத்த கம்பெனிக்குச் சோவியத் உளவுத்துறையோடு தொடர்பு இருந்தது என்பது பின்னால் தெரியவந்தது. அதற்கு மேல் யாரும் எதையும் நிரூபிக்கவில்லை.

"என்ன வயசு?"

"மறுநாள் முப்பது முடிஞ்சிருக்கும்."

குறிப்பேடுகள் மட்டும் தப்பின. பாரி என்ற ஊரில் அவர்கள் வீட்டிலேயே ஒரு பெட்டிக்குள் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிடந்தன. அக்காள் மகள்தான் கண்டெடுத்தார். இன்றைக்கு அவை வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

குறிப்பேடு என்றதும் அப்பாவின் குரல் மாறியது. கார்டுகளுக்கு ரஃப் ஜர்னல் என்று ஒன்று உண்டு. வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஏன் நின்றது என்று அங்கங்கே, அப்போதைக்கப்போது எழுத வேண்டும். விபத்து என்று விசாரணை வந்தால் மற்ற எல்லா ரிப்போர்ட்டையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் கேட்பார்கள். "ராத்திரி வீட்டுக்கு வந்து எழுதுனா நியாயம் கலந்துரும். பிரேக் வேன்லயே எழுதிரணும்" என்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அந்த ஜர்னலைத் தொட்டால் அடி விழும்.

மாதம் முடிந்து புதுக் கண்ணாடி வந்தது. வந்த அன்றைக்கே செய்தித்தாளை ஒதுக்கிவிட்டு, "அந்தப் பையன் நோட்டு இருந்துச்சுன்னா காட்டு" என்றார். இணையத்தில் கிடைத்த இரண்டு மூன்று பக்கங்களை டேப்லெட்டில் பெரிதாக்கிக் கொடுத்தேன். இங்கிலீஷில் அவசரக் கிறுக்கல், எனக்கே பாதி புரியாது. அப்பா வார்த்தைகளைப் படிக்கவே முயற்சி செய்யவில்லை. முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"இது வண்டி ஓடும்போது எழுதுனது" என்றார். விரல் கொஞ்சம் கீழே இறங்கியது. "இந்தா, இங்க நின்னுருக்கு."